ஓட்டைப்பாறையில் சாப்பிட்டது செல்லாது

சேசு மரி சூசை துணை

காட்டூர், திருச்சி.
20-8-1979

பெருமதிப்பிற்குரிய மச்சான் தைரியராஜ் அவர்களுக்கு, சவரிராயன் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கு தங்கள் தங்கை சகாயமும், தங்கள் மருமகள் லூர்துராணியும், கொல்லையில் உள்ள கோழிகளும் சுகம். இடது குதிகாலைத் தவிர்த்து நானும் சுகம். அங்கு ரோசரி அக்காவின் மூட்டுவலியும், போன சந்தையில் தாங்கள் பிடித்த காளையின் முட்டுகிற குணமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டால் இரண்டுக்கும் சேர்த்து ஜெபிக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். கடற்கரைப் பக்கத்து வரனின் வீடு பார்க்கப் போய் வந்தோம். போன இடத்தில் சிறு அசம்பாவிதம் நடந்துவிட்டது. அது தங்கள் காதுக்கு வேறு வழியாக, வேறு விதமாக வந்து சேருவதற்குள் நடந்ததை நடந்தபடி, எந்தப் பக்கமும் சாயாமல் எழுதிவிடுவது என் கடமை. முப்பத்தைந்து வருஷம் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் உடைந்த சரக்குக்கெல்லாம் ரிப்போர்ட் எழுதியவன் நான். சரக்கு யாருடையது என்று பார்த்து எழுதியது கிடையாது.

தாங்களோ மணப்பாறையில் கையோடு ஒரு வரன் வைத்திருக்கிறீர்கள். சொசைட்டியில் வேலை, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், பையனுக்குக் காப்பித்தண்ணி பழக்கம் கூடக் கிடையாது. இந்தக் கடற்கரை வரன் லூர்துராணி வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து மதர் கொண்டுவந்தது. பையன் விக்டர் அவருக்கு அண்ணன் மகன், தூத்துக்குடித் துறைமுகத்தில் குமாஸ்தா. மதர் சொல்லைத் தட்ட முடியாமல்தான் நான் வீடு பார்க்க ஒப்புக்கொண்டேன். போய், பார்த்து, காபி குடித்து, 'கலந்து பேசிச் சொல்கிறோம்' என்று மரியாதையாகத் திரும்பி வந்து, கார்டு போட்டு முடித்துவிடுவது என்றுதான் நானும் தாங்களும் பேசிக்கொண்டது. லூர்துராணி எங்களுக்கு ஒரே பெண். சனிக்கிழமை சாயங்காலம் அவள் பரீட்சைப் பேப்பர் திருத்த உட்காரும்போது சிவப்பு மைப் பேனாவுக்கு மை நிரப்பிக் கொடுப்பது என் வேலை. தூத்துக்குடிக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் மை நிரப்ப முடியாது. எனக்கு மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

தாங்கள் சந்தை வேலை என்று வராமல் இருந்துவிட்டாலும், சொல்லி அனுப்பிய புத்திமதியை நான் மறக்கவில்லை. "மச்சான், எது செஞ்சாலும் செய்யுங்க, அவுங்க வீட்ல கை மட்டும் நனைச்சுடாதீங்க. நனைச்சா முடிஞ்ச மாதிரி" என்றீர்கள். எனக்கா தெரியாது? தங்கள் அப்பா, என் மாமனார், என்னைப் பார்க்க வந்த அன்று எங்கள் அம்மா ஆக்கி வைத்த கோழிக்குழம்பின் வாசனையை மட்டும் இழுத்துக்கொண்டு எழுந்து போனவர். மனசு ஒத்த பிறகு மறுபடி வந்துதான் இலையில் உட்கார்ந்தார். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் காபி குடிக்கலாம், பலகாரம் கடிக்கலாம், சோற்றில் கை வைத்தால் வாக்குக் கொடுத்ததற்குச் சமம். இதை நான் குடும்பச் சட்டமாகவே மதிக்கிறேன்.

கிளம்பும்போது லூர்துராணி வாசல் வரை வந்தாள். பையன் எப்படி, வீடு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்பா, அங்க கடல் எப்படி இருக்குன்னு நல்லாப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். மணப்பாறை எப்படி இருக்கும் என்று அவள் கேட்டதில்லை. மணப்பாறை அவளுக்குத் தெரிந்த ஊர் என்பதால் இருக்கலாம். இதையும் ரிப்போர்ட்டில் சேர்க்கிறேன்.

ரயில்வே பாசில் தூத்துக்குடி போய், அங்கிருந்து ஒரு பஸ் பிடித்து, காலையில் புன்னைக்குடி என்கிற அந்தக் கடற்கரை ஊரில் இறங்கினோம். பையனின் அப்பா கஸ்பார் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "வாங்க சம்பந்தி!" என்றார். வலைக்கயிறு, மிதவை விற்கிற கடை வைத்திருக்கிறார். கடல் காற்றை எதிர்த்துப் பேசிப் பேசி, அடுத்த ஊருக்குக் கேட்கிற தொண்டை. நான் 'ஐயா' என்றேன். அவர் 'சம்பந்தி' என்றார். நான் 'சார்' என்று பார்த்தேன். அவர் 'சம்பந்தி'யை விடவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பொறுக்கி எடுத்து வாங்கிய சாத்துக்குடியை முறைப்படி தட்டில் வைத்துக் கொடுத்தோம். அவசரத்துக்கு என்று நான் பையில் வைத்திருந்த பிஸ்கட்டையும் சகாயம் எடுத்து அந்த வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டாள். காபி வந்தது, மூன்று டம்ளர் குடித்தேன். வீடு சுத்தமாக இருந்தது. கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. பையன் அதிகம் பேசவில்லை. இந்த அளவில் எழுந்திருந்தால் என் ரிப்போர்ட் கார்டிலேயே முடிந்திருக்கும்.

ஆனால் திரும்புகிற பஸ் சாயங்காலம்தான் என்றார்கள். அடுப்படியில் என்னவோ பொரிகிற சத்தம் கேட்டது. பெண்கள் வாழையிலையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. இலையைப் போட்டுவிட்டால் அப்புறம் எழுந்திருப்பது அவமரியாதை, உட்காருவது ஒப்பந்தம். சகாயமோ பையனின் அம்மாவோடு ஜாக்கெட் துணி விலை பேசிக்கொண்டிருந்தாள். நான் சட்டென்று எழுந்து, "உங்க ஊர்ல பார்க்கறதுக்கு என்னங்க இருக்கு?" என்று கேட்டேன். சாப்பாட்டிலிருந்து தப்பிக்க எனக்கு அந்த நேரத்தில் தோன்றிய ஒரே வழி அது. இப்போது யோசித்தால் பின்வாசல் வழியாக ஓடியிருக்கலாம்.

"என்ன சம்பந்தி இப்படிக் கேட்டுட்டிய! ஓட்டைப்பாறை இருக்குல்லா!" என்று கஸ்பார் துண்டை உதறித் தோளில் போட்டார். கடற்கரையோடு நடந்தால் ஒரு மணி நேரமாம், கடல் குடைந்த பாறையாம், நடுவில் ஓட்டையாம், அந்தத் தீரத்திலேயே அப்படி ஒன்று கிடையாதாம். மலைக்கோட்டை நிழலில் காலந்தள்ளிய திருச்சிக்காரனிடம் பாறையைக் காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. இருந்தாலும் போக ஒரு மணி, வர ஒரு மணி, அங்கே கொஞ்ச நேரம் என்று கணக்குப் போட்டால் பஸ் வந்துவிடும், இலை வராது. உடனே குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். தெரு முனையில் திரும்பிப் பார்க்கிறேன், பின்னால் கஸ்பார், அவர் மனைவி, சகாயம், கடைசியில் விக்டர். விக்டர் கையில் ஐந்தடுக்குத் தூக்குக் கேரியர். "பசிச்ச வயித்தோட பாறையைப் பாத்தா பாறையா தெரியும்? அங்கன வச்சு சாப்பிடுவம்" என்றார் அந்த அம்மாள். நான் எந்தச் சாப்பாட்டுக்குப் பயந்து கிளம்பினேனோ அந்தச் சாப்பாடு என் பின்னாலேயே நடந்து வந்தது.

வழி என்று அதைச் சொல்ல முடியாது மச்சான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உடைமுள், நடுவில் கால் புதைகிற மணல். வேளாங்கண்ணியில் கடல் பார்த்திருக்கிறேன், அங்கே கடல் மாதா கோயிலுக்கு அடங்கித் தூரத்தில் நிற்கும். இது நேராகக் காலடிக்கு வந்து போகிறது. முதலில் என் குடை காற்றில் மேல்நோக்கி மலர்ந்துவிட்டது, கஸ்பார் அதை மடக்கித் தருகிறேன் என்று கம்பியை உடைத்தார். அப்புறம் ஒரு அலை வந்து பேண்டை முழங்கால் வரை நனைத்தது. பிறகு ரிட்டையர் ஆனபோது வாங்கிய என் தோல் செருப்பு, தண்ணீர் குடித்து, வார் அறுந்து, ஒன்று மட்டும் கடலோடு போய்விட்டது. சகாயம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் எட்டு வைத்துப் போகிறாள், காட்டூர் மார்க்கெட்டுக்கு நடக்க மாட்டேன் என்று ரிக்‌ஷா கேட்கிற சகாயம். "ஏங்க, மெல்ல வாங்க, பாறை எங்கயும் ஓடிறாது" என்று எனக்கு ஆறுதல் வேறு.

வெயிலில் மணல் கொதித்தது. நான் ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்து விக்டர் கேரியரைக் கீழே வைத்தார். தன் ரப்பர் செருப்பைக் கழற்றி என் கால் முன்னால் போட்டுவிட்டு, கேரியரை எடுத்துக்கொண்டு வெறுங்காலில் நடந்தார். 'வேண்டாம் தம்பி' என்றேன். "எனக்குப் பழக்கம் மாமா, உங்களுக்குச் சுடும்" என்றார். சுடுவது அவருக்கும் சுட்டிருக்கும், அலை நனைத்துவிட்டுப் போன மணலாகப் பார்த்துப் பார்த்துத்தான் மிதித்தார். அந்தச் செருப்பு எனக்கு ஒரு விரற்கடை பெரிது. இதை அந்த வரனின் குறையாகவே குறிப்பிடுகிறேன்.

பாதி வழியில் மணல் முழுக்கக் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். பசியில்லாதவனுக்கு அது நாற்றம். மூன்று டம்ளர் காபியின் மேல் அலைந்துகொண்டிருந்த எனக்கு அதுவே மணத்தது. "ஒரு வாய் தண்ணியாவது குடிங்க சம்பந்தி, இப்படி முறைச்சுக்கிட்டு வாரியளே" என்றார் கஸ்பார். நான் சாத்துக்குடியை நினைத்துக்கொண்டேன். என் காசில் வாங்கியதுதான், ஆனால் தட்டில் வைத்துக் கொடுத்த பிறகு அது அவர்கள் வீட்டுப் பழம். சட்டம் சட்டம்தானே.

ஓட்டைப்பாறை வந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும், பாறை நன்றாகவே இருந்தது. மாடி வீட்டு உயரம், கரையிலிருந்து கடலுக்குள் கால் நீட்டியபடி தனியாக நிற்கிறது. அதன் நடுவில், நெஞ்சு உயரத்தில், வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை. ஆள் யாரும் குடையவில்லை, அலையும் காற்றும் குடைந்து குடைந்து விளிம்பெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. கஸ்பார் என்னைத் தோளைப் பிடித்து அதற்கு நேராக நிறுத்தி, "உள்ள பாருங்க சம்பந்தி. அந்தப் பக்கம் ஒரு காக்கா வந்து உக்காந்தாக்கூட தப்பாது" என்றார். பார்த்தேன். வட்டமாகக் கடல் தெரிந்தது, அதற்கு முன்னால் ஒரு தட்டைக் கல். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் மலைக்கோட்டைப் பாறை பெரியதுதான், ஆனால் அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் சுற்றித்தான் போகவேண்டும். 

பாறையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு குருசடி, சின்னச் சிலுவைக் கோயில். அங்கே மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து சாப்பிடலாம் என்று எல்லோரும் கிளம்பினார்கள். எனக்கு மூச்சு வாங்குகிறது, நீங்கள் போய் வாருங்கள் என்று இருந்துவிட்டேன். கேரியரைப் பையனின் அம்மா பாறைக்குக் கடல் பக்கம், அந்தத் தட்டைக் கல்லில், நிழலில் வைத்துவிட்டுப் போனார். உச்சி சாய்ந்த வெயில், நிழல் அந்தப் பக்கம்தான் விழுந்தது. நிழலுக்காக நானும் சுற்றிக்கொண்டு அங்கே போய், பாறைக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். இதுவரை என் நடத்தையில் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

கடற்கரையில் எறும்பு அதிகம். கேரியரில் ஏறியிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. அடுத்தவர் சாப்பாட்டில் எறும்பு ஏற விடுவது தர்மமா? திறந்து பார்த்தேன். மேலடுக்கில் சீலா மீன் வறுவல். எறும்பு இல்லை. ஆனால் அடியில் இருக்கலாமே என்று ஒரு துண்டை மட்டும் எடுத்தேன், எடுத்ததைத் திரும்ப வைப்பது நாகரிகம் இல்லை என்பதால் வாயில் போட்டேன். காரம் மச்சான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரத்துக்கு வைத்தியம் சோறு. சோறு அடியடுக்கில் இருந்ததால் இடையிலிருந்த அடுக்குகளையும் எடுத்து வைக்க வேண்டியதாகிவிட்டது. ஒன்றில் மீன் குழம்பு. வெறும் சோறு தொண்டையில் இறங்காது என்று அதைக் கொஞ்சம் ஊற்றினேன். மாங்காய் போட்ட குழம்பு. இது முழுக்க முழுக்க வைத்திய முறையில் நடந்தது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது உருண்டையை உருட்டும்போது பின்னால் ஒரு மாதிரி நிசப்தமாக இருந்தது. கஸ்பார் இருக்கும் இடத்தில் நிசப்தம் வராது. திரும்பிப் பார்த்தேன். அந்த வட்ட ஓட்டைக்குள் நாலு தலைகள். கஸ்பார், அவர் மனைவி, சகாயம், கொஞ்சம் பின்னால் விக்டர். கல்யாண வீட்டில் எடுத்து மாட்டிய போட்டோ மாதிரி நிற்கிறார்கள். என் கையில் குழம்பு முழங்கை வரை வழிகிறது.

"சம்பந்தி கை நனைச்சிட்டாவ!" என்று கஸ்பார் போட்ட சத்தத்தில், தூரத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று துண்டை வீசினார்கள். அந்த அம்மாள் பாறையைச் சுற்றி ஓடி வந்து, "நல்லா சாப்பிடுங்க அண்ணே, இன்னும் கொஞ்சம் குழம்பு" என்று ஊற்றினார். நான் சகாயத்தைப் பார்த்தேன், காப்பாற்றுவாள் என்று. அவள் என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "நீங்களே சாப்பிட்டப்புறம் எனக்கு என்னங்க?" என்று கையை நீட்டிவிட்டாள். அரை நாள் பசி அவளுக்கும். விக்டர் மட்டும் உட்காரவில்லை. கடலில் இறங்கிக் கால் பாதத்தை நனைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

இதுதான் நடந்தது. இப்போது அங்கே நிச்சயமாகிவிட்டது என்று ஊர் முழுக்கப் பேச்சாம். எனக்குச் சம்மதம் இல்லை. நான் சாப்பிட்டது கணக்கில் சேராது என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. இலை போடவில்லை, கேரியர் மூடியில் சாப்பிட்டேன். முதல் தடவை யாரும் பரிமாறவில்லை, நானே எடுத்துக்கொண்டேன், அப்படியென்றால் அது விருந்து ஆகாது, அதிகபட்சம் திருட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கை நனைக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டில். ஓட்டைப்பாறை அவர்கள் வீடு அல்ல, சர்க்கார் புறம்போக்கு. புறம்போக்கில் சாப்பிட்டால் சர்க்காருடன் சம்பந்தம் ஆகுமே தவிர கஸ்பாருடன் எப்படி ஆகும்? தாய்மாமன் என்ற முறையில் தாங்கள் இதையெல்லாம் விளக்கிக் கஸ்பாருக்கு ஒரு கடிதம் போட வேண்டும். நான் போட்டால் அவர் பதிலுக்கு மீன் அனுப்பிவிடுவார் என்று பயமாக இருக்கிறது. மணப்பாறை வரன்காரர்களைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லவும்.

ரோசரி அக்காவுக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு என் ஆசீரையும், காளைக்குத் தூரத்திலிருந்து என் மரியாதையையும் தெரிவிக்கவும். தங்கள் குடும்பத்தை ஆண்டவர் எல்லா மோசத்திலிருந்தும் காப்பாராக.

தங்கள் அன்பு மைத்துனன்,
சவரிராயன்

பி.கு: கவரில் எழுத தங்கள் வீட்டு பின்கோடைக் கேட்டேன். சகாயம் வந்து கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு, நேற்று பூசை முடிந்ததுமே சாமியாரிடம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன், வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசிக்கிறார்கள் என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்கதான் அன்னைக்கே கையெழுத்துப் போட்ட மாதிரி சாப்பிட்டீங்களே" என்கிறாள்.

அப்புறம் லூர்துராணி வாங்கிப் படித்தாள். பள்ளிக்கூடப் பேப்பர் போலவே கடைசி வரை படித்தாள். படித்துவிட்டு என் காலைப் பார்த்தாள். நான் இன்னும் அந்த ரப்பர் செருப்பைத்தான் போட்டிருக்கிறேன். "அப்பா, நீங்க அவ்வளவு தூரம் நடந்து பார்க்கப் போனதே அந்த ஓட்டையைத்தான். அவுங்க அப்பா காக்காவெல்லாம் சொல்லிக் காட்டினாரு, நீங்களும் எட்டிப் பார்த்தீங்க. அப்புறம் எப்படிப்பா அதுக்கு நேரா போய் உட்கார்ந்து சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

ஆகவே மேலே நான் கேட்ட கடிதத்தைத் தாங்கள் கஸ்பாருக்கு எழுத வேண்டாம். மணப்பாறைக்காரர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிடவும். தாய்மாமன் சீரோடு முறுக்கும் இரண்டு டின் சேர்த்துக் கொண்டுவரவும், கடற்கரைக்காரர்கள் நன்றாகச் சாப்பிடுகிறவர்கள். கடல் எப்படி இருந்தது என்று அவள் மறுபடியும் கேட்டாள். நன்றாக இருந்தது, போய்ப் பார் என்றேன். ஓட்டைக்கு நேராக ஏன் உட்கார்ந்தேன் என்று மட்டும் தாங்களும் கேட்க வேண்டாம். அவள் பேனாவில் மை தீர்ந்திருந்தது. சனிக்கிழமை இல்லைதான், இருந்தாலும் நிரப்பிக் கொடுத்தேன்.